ஒரே அடுப்பில் நாலு குடும்பம்

ஏற்காட்டுக்குக் கிளம்புகிற பல குடும்பங்கள் இப்போது ஹோட்டல் அறையோடு திருப்தி அடைவதில்லை. காபித் தோட்டத்துக்கு நடுவே ஓடு வேய்ந்த பழைய பங்களா, நாலு படுக்கையறை, ஒரு பெரிய கூடம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. இப்படி ஒரு வீடு கிடைத்தால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அதைத் தொடர்ந்து தோட்ட முதலாளிகள் கட்டிக்கொண்ட வீடுகளில் சில இன்று விருந்தினருக்குத் திறந்திருக்கின்றன. புதிதாகக் கட்டிய ஹோம்ஸ்டேக்களும் அதே பாணியில் எழும்புகின்றன.

சமைக்க உள்ளூர் அக்கா ஒருவர் வருவார். முதல் நாள் ராத்திரிக்கு நாட்டுக்கோழிக் குழம்பா, காலையில் பொங்கலா பூரியா என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் பேச்சு ஓடும். யாருக்கு எது ஆகாது என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

அது வரவேண்டிய கேள்வி. முந்திரியோ முட்டையோ இறாலோ ஆகாத ஒரு குழந்தை அந்த வீட்டில் இருந்தால், விடுமுறை முழுக்க அதன் பாதுகாப்பு இன்னொரு குடும்பத்தின் கரண்டியில் இருக்கிறது.

உணவு ஒவ்வாமை என்பதைப் பிடிவாதம் என்றோ வயிறு மந்தம் என்றோ நினைப்பவர்கள் இன்னும் நிறைய. பால் குடித்தால் வயிறு உப்புவதும் ஒவ்வாமையும் வேறு வேறு. முன்னது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வருகிற தொந்தரவு. பின்னதில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி பாலில் உள்ள புரதத்தையே எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டதும், தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் இருக்கிற சில செல்கள் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைக் கொட்டுகின்றன. உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும், வாந்தி வரும். தீவிரமானால் தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் விழும். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது நடந்துவிடுகிறது.

நம் பாட்டிமார் கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாவற்றையும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். தோல் நோய் இருப்பவருக்கு அவற்றைப் பரிமாறமாட்டார்கள். அந்தப் பட்டியல் முழுவதையும் மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் சாப்பிட வந்தவரின் உடம்பைக் கேட்டுப் பரிமாறுகிற பழக்கம் நம்மிடம் இருந்தது. பிரசவித்தவளுக்குத் தனி ரசம், காமாலை கண்டவருக்குத் தனிச் சோறு என்று பத்தியச் சமையலுக்கு ஒதுக்கிய சட்டி வீட்டுக்கு வீடு இருந்தது. அதை யாரும் ‘ரொம்பத்தான் அலட்டிக்கிறா’ என்று சொன்னதில்லை.

இந்தியாவில் இது எத்தனை பேருக்கு? பெங்களூரு, மைசூரு பகுதியில் 20 முதல் 54 வயது வரையிலானவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் காட்டியவர்கள் 26.5 சதவீதம். பரிசோதனை முடிவோடு, சாப்பிட்டால் வருகிற அறிகுறிகளும் பொருந்தியவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. ஆகவே லேப் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘எனக்குப் பத்துப் பொருள் ஆகாது’ என்று பயப்படத் தேவையில்லை. அதே சமயம் 1.2 சதவீதம் என்பது ஏறக்குறைய 80 பேரில் ஒருவர். கோடை விழா நாட்களில் இரண்டு சுற்றுலாப் பஸ் நிறைய ஆட்கள் ஏற்காட்டில் இறங்கினால், அதில் அப்படி ஒருவர் இருக்க வாய்ப்பு உண்டு.

தமிழ்ச் சமையலில் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருப்பார்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்கு ‘சோறும் ரசமும்தானே, பயமில்லை’ என்று பரிமாறுகிறவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்திருக்கமாட்டார். நெய்யில் பால் புரதம் மிச்சமிருக்கும். இட்லிப் பொடியில் எள் இருக்கும், குழைத்துக்கொள்ள ஊற்றுகிற நல்லெண்ணெயும் எள்தான். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை இருக்கும். அது சேர்ந்த கொண்டைக்கடலை வகை இந்தியாவில் முக்கியமான ஒவ்வாமைப் பொருள் என்று மும்பையின் மருத்துவ ஆய்வாளர்கள் 2001-லேயே எழுதியிருக்கிறார்கள்.

செக்கு எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரம் நிலக்கடலை விளைகிற மண். மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில்தான் சமைக்கிறோம் என்று ஹோம்ஸ்டேக்காரர்கள் பெருமையோடு சொல்வதில் தவறில்லை. அதன் மணமும் ருசியும் அப்படி. ஆனால் நிலக்கடலை ஆகாதவருக்கு எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்கு மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வகை எண்ணெயையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997-இல் வெளியானது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு 6 பேருக்கு ஒவ்வாமை கிளம்பியது. செக்கு எண்ணெய் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விருந்தினருக்காக ஆசையோடு வாங்கி வைத்த அந்த எண்ணெயே ஒரு குழந்தைக்கு ஆகாமல் போகலாம். கேட்காமல் அது தெரியவராது.

சட்டம் இந்தச் சமையலறை வாசல்வரை வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், பாக்கெட் உணவின் மேல் பசைப்புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா ஆகிய எட்டையும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட் இருந்தால் அதையும் அச்சிட்டுச் சொல்லவேண்டும் என்கின்றன. மத்திய உரிமம் பெற்ற, அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கிற உணவகங்கள் மெனுவிலும் சொல்லவேண்டும். ஏரிக்கரைக் கடையில் எடை போட்டுத் தருகிற ஹோம்மேட் சாக்லேட்டில் எடுத்துப் படிக்க லேபிளே இருக்காது. தோட்டத்து வீட்டு மெனுவோ அக்காவின் மனதில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் எள் கிடையாது, கடுகும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள் பட்டியலில் இரண்டுமே உண்டு. அமெரிக்கா 2023 ஜனவரி முதல் எள்ளைச் சேர்த்துக்கொண்டது. நடாஷா என்ற 15 வயதுப் பெண் 2016-இல் லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டு, பறக்கும் விமானத்திலேயே மயங்கி விழுந்து, பிறகு மருத்துவமனையில் இறந்துபோனாள். மாவில் எள் கலந்திருந்தது. உறையில் அது எழுதப்படவில்லை. பெற்றோர் விடாமல் போராடியதால், கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி விற்கிற உணவிலும் எல்லாப் பொருளையும் எழுதவேண்டும் என்ற சட்டம் அவள் பெயராலேயே 2021 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. நல்லெண்ணெய் இல்லாத சமையலறையே இல்லாத நம் ஊரில் எள்ளைப் பட்டியலில் சேர்க்க இன்னும் ஏன் தாமதம் என்று கேட்கத் தோன்றுகிறது.

பொதுச் சமையலறையில் பாதிச் சிக்கல், ஒரு சமையல் இன்னொன்றில் ஒட்டிக்கொள்வதால் வருகிறது. ஆம்லெட் போட்ட கல்லிலேயே அடுத்த தோசை. மீன் பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காய் பஜ்ஜி. கடலைச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவினாலும், மூடியின் ரப்பர் வளையத்துக்குள் கொஞ்சம் தங்கிவிடும். வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வாமை உள்ளவரின் சாப்பாட்டை முதலில், புது எண்ணெயில், துலக்கிய பாத்திரத்தில் செய்து மூடி வைத்துவிட்டால் அக்காவுக்கும் நிம்மதி. பஃபே என்று வரிசையாகப் பாத்திரம் வைத்தால் குருமாக் கரண்டி சாம்பாருக்குப் போய்விடும். வாழையிலை போட்டு ஒருவர் பரிமாறுவது இங்கே எவ்வளவோ மேல். ஆளுக்குப் புது இலை, கரண்டியும் ஒரே கையில்.

சமையலறைக்கு வெளியேயும் கவனம் வேண்டும். பொதுக் கூடத்தில் குழந்தைகள் கடலை மிட்டாய் தின்ற கையோடு கேரம் ஆடுவார்கள். கையில் சானிடைசர் தடவினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-இல் சோதித்துப் பார்த்தபோது, சோப்பும் தண்ணீரும் கையிலிருந்த நிலக்கடலைப் புரதத்தை அகற்றின. கிருமிநாசினி ஜெல் தடவிய 12 கைகளில் 6-இல் அது மிச்சமிருந்தது. வெறும் தண்ணீரும் முழுக்க உதவவில்லை. ஜெல் கிருமியைக் கொல்லும். புரதத்தைக் கழுவி எடுக்காது.

அதற்காக வீட்டில் யாரும் வேர்க்கடலையைத் தொடவே கூடாது என்று தடைபோட வேண்டியதில்லை. கடுமையான நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகள் நிலக்கடலை வெண்ணெயை முகர்ந்தபோதும், அதைத் தோலில் தடவியபோதும் ஒருவருக்கும் உடம்பு முழுக்கப் பாதிக்கும் ஒவ்வாமை வரவில்லை என்று 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வாய்க்குள் போவதுதான் பெரிய ஆபத்து. மீன், இறால் கொதிக்கும்போது எழுகிற ஆவி விஷயம் வேறு. அது சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து வைத்து, அந்த நேரம் அவர் வெளித்திண்ணையில் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, ‘வேண்டாம்’ என்று சொல்கிற இடம். சேலம் பக்கத்து உபசரிப்பு அன்பானது, விடாப்பிடியானது. “அட, ஒரு கரண்டி சாப்புடு கண்ணு, ஒண்ணும் ஆவாது” என்று பெரியவர் ஒருவர் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டால், பத்து வயதுப் பையன் எப்படி மறுப்பான்? அவன் அம்மா ஊரிலிருந்து தனிக் குக்கரும் டப்பாவும் எடுத்து வந்தால், ‘நம்ம சமையல் பிடிக்கலையாக்கும்’ என்று காதுபடப் பேச்சு எழும். இப்படிப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தயக்கமே வராதபடி மற்றவர்கள் முந்திக்கொண்டு கேட்கவேண்டும். அறை பதிவு செய்யும் போனிலேயே “யாருக்காவது சாப்பாட்டில் ஏதாவது ஆகாதுங்களா?” என்று ஹோம்ஸ்டேக்காரர் கேட்டால், பாதி வேலை மலை ஏறுமுன்பே முடிந்துவிடும்.

மலை என்பதால் இது இன்னும் அவசரம். உணவு ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை பிரிட்டனில் பம்ஃப்ரி என்ற மருத்துவர் ஆராய்ந்து 2000-இல் எழுதினார். சாப்பிட்டதிலிருந்து மூச்சோ இதயமோ நின்றுபோகும்வரை ஆன நேரத்தின் நடுமதிப்பு 30 நிமிடம். ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வளைவுகளில் இறங்கிப் போகவே ஒரு மணி நேரம் பிடிக்கும். கோடை விழாக் கூட்டத்திலும் மழையிலும் இன்னும் அதிகம். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் தோட்டத்துக்குள் தங்கியிருப்பவர் அங்கே போய்ச்சேர வழியும் வண்டியும் ராத்திரியிலும் தயாராக இருக்கவேண்டும். செல்போன் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்பதைக்கூட முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. வெளிநாடுகளில் பேனா வடிவில் விற்கும் தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் சில மருத்துவர்கள் மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் கொடுத்து, அளவைக் குறித்து, போடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படி ஊசி வைத்திருப்பவருடன் தங்குகிறவர்களில் இன்னும் ஒருவராவது அந்த மருந்துப் பை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கவேண்டும். வெயிலில் நிற்கிற காருக்குள் அதை விட்டுவிட்டுக் கிளியூர் அருவிக்கு இறங்கிவிடக் கூடாது.

அருவி என்றதும் இன்னொன்று. சிலருக்குக் கோதுமை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்டபின் ஓடினாலோ ஏறினாலோ மட்டும் ஒவ்வாமை கிளம்பும். வீட்டில் பூரி தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இங்கே பூரி தின்ற கையோடு மலைப்படி ஏறுகிறார். மதுவும் சில வலி மாத்திரைகளும் இதே போல ஒவ்வாமையைத் தூண்டிவிடும். மூன்றும் ஒரே நாளில் சேர்வது விடுமுறையில்தான்.

மயக்கம் வருகிறவரைத் தூக்கி நிறுத்தி நடக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்தவேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம். 108-ஐ அழைக்கும்போது ‘உணவு ஒவ்வாமை, மூச்சு அடைக்கிறது’ என்று சொல்லி, தோட்டத்தின் பெயரோடு பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஊசி போட்டதும் முகம் தெளிந்துவிட்டது என்று திரும்பி வந்துவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருவதுண்டு என்பதால் மருத்துவர்கள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அன்று அறையைக் காலி செய்யவேண்டிய நாளாக இருந்தால், ஹோம்ஸ்டேக்காரர் இன்னொரு ராத்திரிக்கு அந்தக் குடும்பத்துக்கு இடம் ஒழித்துத் தருவதும், கூட வந்த மற்ற குடும்பங்கள் அதுவரை அவர்களின் இன்னொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டு, பாத்திரங்களைக் கழுவி, என்ன சமைத்தோம், எந்தப் பாக்கெட்டைப் பிரித்தோம் என்று மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தனுப்புவதும் அந்த நேரத்தில் பெரிய உதவி.