அரைக்கு ஒரு நூல்

2024 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கிழக்கு இலண்டனிலுள்ள பகிர்வு வீடொன்றில் நம்மவர் ஒருவரைச் சந்தித்தோம். முப்பத்தெட்டு வயது. வன்னியில் வயலும் சைக்கிளுமாக வாழ்ந்தவர். தஞ்சம் கோரி இந்நாட்டுக்கு வந்த பத்து மாதங்களில் அவருடைய எடை ஒன்பது கிலோ கூடியிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. விடிந்தால் கட்டில், பொழுதுபட்டால் கைத்தொலைபேசி, இடையில் சோறு. குடும்ப வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, நீரிழிவின் வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். “உடற்பயிற்சி செய்யட்டாம் அண்ணை. ஜிம்முக்குக் காசு கட்டுறதோ, சாப்பிடுறதோ?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. தானே சமைத்து உண்ணும் தஞ்சக் கோரிக்கையாளர் ஒருவருக்கு அவ்வாண்டில் இங்கு கிழமைக்கு வழங்கப்பட்ட தொகை 49 பவுண் 18 பென்ஸ். உணவு, உடை, பஸ், ஊருக்குப் பேசும் செலவு எல்லாம் அதற்குள்தான். நாம் 2009 இல் வந்திறங்கியபோது எமக்கும் காற்சட்டைகள் ஒவ்வொன்றாக இறுகின. ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்குச் சென்றோம். வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டார்கள். அது எம்மிடம் இருக்கவில்லை. வெட்கத்தோடு திரும்பி வந்தோம். இன்று எண்ணிப் பார்த்தால், அவர்கள் எமக்கு நன்மையே செய்திருக்கிறார்கள்.

ஏனெனில் உடலுழைப்பைப் பற்றி இந்நூற்றாண்டு அறிந்த அறிவின் தொடக்கம் எந்த நிலையத்திலும் இல்லை. இதே இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் இருக்கிறது. ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர், போலந்திலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை, கிளாஸ்கோவின் வறுமையில் வளர்ந்தவர். பஸ் சாரதிகளையும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரே நிறுவனம், ஒரே வகுப்பு மக்கள். ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். மற்றவர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். 1953 இல் வெளிவந்த முடிவின்படி, நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு. வந்தாலும் உடனே இறப்போர் தொகையும் குறைவு. மூன்றாண்டுகளின் பின் அவர்களது சீருடை அளவுப் பதிவுகளையும் புரட்டிப் பார்த்தார் மொறிஸ். சாரதிகளின் காற்சட்டை இடுப்புகளே அகன்றிருந்தன. பஸ்களில் நடத்துநர்கள் இன்று இல்லை. படிகள் இருக்கின்றன. மாடிக் குடியிருப்பில் மின்தூக்கி பழுதென்று மாநகரசபையைத் திட்டுகிற அன்பர்கள் இதனை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். (முழங்கால் நோவுள்ள முதியோரை நாம் இதில் சேர்க்கவில்லை, அவர்கள் திட்டுவதற்கு உரிமையுடையோர்.)

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். தெற்காசிய உடல், வெளித்தோற்றத்தில் மெலிந்திருந்தாலும் வயிற்றினுள்ளே கொழுப்பைச் சேர்க்கும் இயல்புடையது. அதனால் நீரிழிவு நம்மை ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலும், இளைய வயதிலும் பற்றிக்கொள்கிறது. பொதுவான எடை அட்டவணை, ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள ஒருவரை 72 கிலோ வரை நல்ல நிலையில் உள்ளவராகக் காட்டும். நம்மவருக்கோ ஏறத்தாழ 66 கிலோவைத் தாண்டும்போதே விழிப்பு வேண்டும் என்பது மருத்துவர் கணிப்பு. சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்து நிம்மதியோடு வீடு திரும்பும் தமிழர் பலர்.

தராசு வாங்கவும் தேவையில்லை. ஒரு நூலை எடுத்து உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், அந்த மடித்த நூலால் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொள்ள வேண்டும். தொடாவிட்டால் வயிற்றில் சேரக்கூடாதது சேர்ந்துவிட்டது. கருவுற்ற பெண்களுக்கு இது பொருந்தாது. இடுப்பளவு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022 இல் அறிவித்தது. நமது மொழியில் இடுப்புக்கும் அரை என்றே பெயர், பாதிக்கும் அரை என்றே பெயர். பழைய விரிவுரையாளர் பழக்கம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நண்பரோடு சமையலறையில் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. 60 கிராம், ஏறத்தாழ 240 கலோரி. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணிநேரம் நடந்தால்தான் அது எரியும். வளர்ந்தவர் ஒருவருக்கு இந்நாட்டு வல்லுநர் விதித்த எல்லை, பண்டங்களில் உள்ளதையும் சேர்த்து, நாளுக்கு 30 கிராம் மட்டுமே. அடுத்து எண்ணெய். போத்தலைச் சரித்து ஊற்றுவது நமது வழக்கம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கறிக்கு நான்கு கரண்டி விழுவதை நாம் கண்ணாரக் கண்டோம். சோற்றை விடச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் அவர் விடமாட்டார். தட்டில் முதலில் பருப்பையும் கீரையையும் கோவாவையும் இட்டு, எஞ்சிய இடத்தில் சோற்றைப் போடும்படி சொன்னோம். மைசூர்ப் பருப்பு, முட்டை, ரின் மீன், உறைநிலைக் கீரை ஆகியவை இங்கு மலிவானவை. சீனியும் எண்ணெயும் குறைந்ததில் கையில் சில நாணயங்களும் மிஞ்சின.

நடையோ இலவசம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்றோரைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். எதுவும் செய்யாதோரில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் அது 39. இதில் வியப்பு என்னவெனில், இவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. தராசின் முள் அசையவில்லை என்று இரண்டாம் கிழமையே நடையைக் கைவிடும் பெண்கள், ஆண்கள் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும். நாளுக்கு அரைமணி, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகம் போதும். ஏற்கனவே நீரிழிவு மருந்து எடுப்போர் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும். தஞ்சம் கோருவோருக்கும் இங்கு குடும்ப வைத்தியர் இலவசமே.

தனியே நடக்கத் தயங்குவோருக்கு, 2004 இல் இலண்டன் புஷி பூங்காவில் பதின்மூன்று பேருடன் தொடங்கிய பார்க்ரன் இருக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பல பூங்காக்களில், ஐந்து கிலோமீற்றர். கட்டணம் இல்லை. ஓடத் தேவையில்லை, நடக்கலாம். கடைசியாக வருபவருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். ஆகவே நீங்கள் கடைசியாக வர முடியாது.

நண்பர் அந்த நூலை அறை யன்னலின் கைபிடியில் கட்டி வைத்திருக்கிறார். முதல்நாள் அதன் முனைகளுக்கிடையே ஆறு விரல் இடைவெளி. சென்ற மாதம் சென்றபோது இரண்டு விரல். சீனியில்லாத தேநீர் தந்தார், குடித்தோம். அவருடைய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.