லாங் பஜாரும் வாகன சங்கீதமும்

வேலூர்க் கோட்டைக்குச் சமீபத்திலுள்ள லாங் பஜாரில், அதிகாலை வேளையில் மூட்டை இறக்க வந்து நிற்கும் குட்டியானை வண்டிகளின் முன்னறையில், பென் டிரைவ் செருகிய சிறியதொரு செட் பாடிக்கொண்டிருக்கும். பொழுது ஏறியபின் அதே வீதிக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைய முயலும் வியாபாரியின் புதுக் காரிலோ அகன்ற தொடுதிரை ஒன்றும், கதவுதோறும் மறைந்திருக்கும் ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. முன்னது கடையில் வாங்கிப் பொருத்தியது. பின்னது தொழிற்சாலையில் வண்டியோடு கூடவே பிறந்தது. வாகன சங்கீதத்தில் நேர்ந்திருக்கும் மாறுதல்களில் பிரதானமானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒலியின் தரம் உயர்ந்தது ஒருபுறமிருக்க, அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைத்தெருவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

1930இல் சிகாகோவில் பால் கால்வினின் கம்பெனி மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை வெளியிட்ட காலத்தில், வால்வுகளுக்கு வேண்டிய உயர்ந்த மின்னழுத்தத்தைத் தருவதற்கென்றே தனி பாட்டரிகளைக் காரின் அடித்தளத்தில் வைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த உயர்ந்த மின்னழுத்தத்தின் தேவையே ஒழிந்தது. 1963இல் பிலிப்ஸ் கம்பெனியார் அறிமுகப்படுத்திய காசெட்தான், நிலையத்தார் ஒலிபரப்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரயாணியைத் தன் இஷ்டப்படி கேட்பவனாக மாற்றியது.

நம் பக்கத்தில் காசெட்டின் ஆட்சி நீண்ட காலம் நடைபெற்றது. வேண்டிய பாடல்களைக் காகிதத்தில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு, பிறகு சென்று நாடாவை வாங்கிவந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அறுபது நிமிஷ நாடாவைக் காட்டிலும் தொண்ணூறு நிமிஷ நாடா மெல்லியது. ஆகவே பாட்டு அதிகம், சிக்கிக்கொள்வதும் அதிகம். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் டாஷ்போர்டில் மறந்து வைத்த காசெட்டின் பிளாஸ்டிக் கூடு வளைந்துவிடும். அதன்பின் சக்கரங்கள் நேராகச் சுழலாமல், எத்தகைய தேர்ந்த பாடகரும் சுருதி நழுவிப் பாடுவதாகக் கேட்கும். 1984இல் கார்களுக்கு வந்த குறுந்தகடும் குழி விழுந்த சாலையில் தாவிக் குதித்தது. அசையும் உறுப்பே இல்லாத பென் டிரைவும், கம்பியே இல்லாத புளூடூத்தும் வந்த பிறகுதான் இத்தொல்லைகள் நீங்கின.

இத்தனை மாறுதல்களுக்கும் இடம் கொடுத்தது சாதாரணமான ஒரு துவாரம். டாஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அந்த இடம் ஜெர்மானியர் வகுத்த அளவு. உலகமெங்கும் அதையே ஏற்றுக்கொண்டதனால், எந்தக் கம்பெனியின் செட்டையும் எந்தக் காரிலும் ஏறக்குறையப் பொருத்த முடிந்தது. பழையதைக் கழற்றி விற்றுவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். காரை மாற்றினால் செட்டையும் கூடவே எடுத்துச் செல்லலாம். சீட் கவர் தைக்கும் கடைகளில் செட் விற்பனையும் சேர்ந்து வளர்ந்ததற்கு இந்தச் சௌகரியமே காரணம். "பாய், பாஸ் கும்முன்னு இருக்கணும்" என்று ஒருவர் கேட்பார்; பழைய பாட்டில் தம்புரா தெளிவாகக் கேட்க வேண்டும் என்பார் இன்னொருவர்; இருவருக்கும் தனித்தனியே பதில் சொல்ல வல்லவர் கடைக்காரர்.

அக்கடைகளில் விற்பனையான செட்டுகளின் முகப்பில் '50 வாட் x 4' என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். அதை நம்பி வாங்கியவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. இஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 52க்குச் சற்றுக் குறைவாக வரும். முகப்பிலுள்ள 50 பிறந்த இடம் இதுவே. ஆனால் அந்தச் சக்தி, ஒலியலையின் தலை தட்டையாக நசுங்கி, சங்கீதம் என்ற பெயருக்கே பொருந்தாத இரைச்சலாகும்போதுதான் கிடைக்கும். ஒழுங்கான அலைக்கு இதில் பாதி; நஷ்டங்களைக் கழித்தால் சுமார் 20 வாட். பொய்யென்று சொல்லிவிட முடியாத, மெய்யென்றும் கொள்ளத் தகாத எண் அது. இதற்கு மேல் வேண்டுமானால், மின்னழுத்தத்தைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபையர் அவசியம். அதற்குப் பாட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். அந்த ஃபியூஸ் செட்டைக் காப்பதற்கன்று, கம்பி உரசித் தீப்பற்றாமல் காரைக் காப்பதற்கு. முன்பு டிக்கியில் சூட்கேஸ் போல் அமர்ந்து கொதித்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையர், சக்தியைச் சூடாக விரயம் செய்யாத 'கிளாஸ் டி' முறையினால் இன்று சீட்டுக்கடியில் அடங்கிவிடுகிறது.

டாஷ்போர்டின் அந்தத் துவாரம் இப்போது மறைந்துவருகிறது. புதுக் கார்களில் திரையானது பாட்டுக்கு மட்டும் உரியதன்று, ஏ.சி., பின்புறக் காமிரா, வண்டியின் பல அமைப்புகள் யாவும் அதற்குள் குடியேறிவிட்டன. அதைக் கழற்றினால் காரே பாதி ஊமையாகிவிடும். வாரண்டி போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு. 2014இல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கைபேசியையே திரைக்கு எஜமானாக்கிவிட்டன. மகிந்திரா கார்களில் சோனி, டாட்டா கார்களில் ஜே.பி.எல். என்று ஒலிக் கம்பெனிகளின் பெயர்கள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டு வருகின்றன. ஆகையால் கடைக்காரரின் வேலை கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு இறங்கியிருக்கிறது. முகப்பைத் தொடாமல் கதவு ஸ்பீக்கரை மாற்றுவது, கதவுத் தகடு அதிராமல் உள்ளே கனத்த பட்டை ஒட்டுவது ஆகியவையே இன்று அவருக்கு மிஞ்சியவை. என் அபிப்பிராயத்தில், செலவிடும் பணத்திற்குப் பலன் அதிகம் தருபவையும் இவைதாம்.

ஸ்பீக்கர் என்றதும் நம் பக்கத்துத் தோல் வியாபாரிகளுக்கு உவப்பான ஒரு செய்தி உண்டு. இன்றைய ஸ்பீக்கருக்கு ஆதாரமான அமைப்பை 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்டனர். அக்காலத்து ஸ்பீக்கர்களில் காகிதக் கூம்பின் விளிம்பை மெல்லிய, மிருதுவான தோல் வளையம் தாங்கி நிற்பதுண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் ஆட்டுத்தோலின் இனத்தைச் சேர்ந்ததுதான் அது. பின்னர் வந்த நுரைப் பொருள் வளையம் உஷ்ணத்திலும் ஈரக் காற்றிலும் சில வருஷங்களில் பொடிந்து உதிர்ந்தது, இப்போது ரப்பர்.

ஆயினும் நூதனம் என்று நிச்சயமாகச் சொல்லத்தக்கது, ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் 'டி.எஸ்.பி.' என்ற சில்லுதான். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலது கதவின் ஒலி அவரை முந்தி அடைகிறது. ஒலி ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும். இடது ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் தள்ளியிருந்தால், வலது ஸ்பீக்கரை அந்த அற்ப நேரம் தாமதிக்கச் செய்தால் போதும். பாடகர் கதவிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு முன்னால் நடுநாயகமாக வந்து நிற்பார். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அந்தப் பாக்கியமில்லை.

வானொலி ஒழிந்தது என்று எண்ணுபவர்கள், ஸ்ரீபெரும்புதூருக்கருகில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்களையும், மாருதி, மகிந்திரா கார்களையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 1977இல் சென்னையில் தொடங்கிய எஃப்.எம். ஒலிபரப்பு தெளிவானதே, ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் தூரம் கூடக் கூடத் தேய்ந்துபோகும். தொலைதூரம் செல்லவல்ல மத்திய அலையையோ மின்சாரக் கார்களின் மோட்டார் இரைச்சல் கெடுக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் அதைப் புதுக் கார்களிலிருந்து நீக்க முற்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் 2023இல் கைவிட்டனர். ஆகாசவாணி அதே மத்திய அலையில் 'டி.ஆர்.எம்.' என்ற டிஜிட்டல் முறையை 30க்கு மேற்பட்ட நிலையங்களில் நிறுவியிருக்கிறது. ஹூண்டாய், மாருதி, மகிந்திரா கம்பெனிகளின் பல மாடல்களில் அதை வாங்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. திரையில் ரேடியோ என்ற பகுதியைத் திறந்து, எஃப்.எம்., ஏ.எம். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் டி.ஆர்.எம். என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குச் சந்தாவும் கிடையாது, கைபேசியின் டேட்டாவும் செலவாவதில்லை.