யாருடைய சராசரி?

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முடிவுத் திகதி நெருங்க நெருங்கக் கடிதங்கள் குவிகின்றன. "என் மகளுக்கும் அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைக்கும் மூன்று ஏ. மாவட்ட நிலையில் மகள் நாற்பது இடம் பின்னால் நிற்கிறாள். அந்தப் பிள்ளைக்கு மருத்துவம், இவளுக்கு இல்லையென்றால் எங்கேயோ பிழை நடந்திருக்கிறது" என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னும் கடுமையாக, "இசட் புள்ளி என்பது பழைய தரப்படுத்தலுக்குப் புதுப் பெயர்" என்கிறார்.

அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்கள். இந்தக் கணக்கு உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் மனப்பாடம். குழப்பம் அதற்கு முந்திய படியில் இருக்கிறது.

முதலில் அந்தத் தாய்க்கு. 75 எடுத்தாலும் ஏ, 98 எடுத்தாலும் ஏ. பெறுபேற்றுத் தாளில் தரம் இருக்கும், மூன்று பாடத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி இசட் புள்ளி இருக்கும், மாவட்ட நிலையும் தீவு நிலையும் இருக்கும். பிள்ளை எடுத்த புள்ளி இருக்காது. ஆகவே ஒரே மூன்று ஏக்குள் ஒளிந்திருக்கும் தூரம் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தத் தூரம் வெறும் புள்ளி வித்தியாசமும் அல்ல. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழிக்க வேண்டும். வந்ததை நியம விலகலால், அதாவது கூட்டத்தின் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணால், வகுக்க வேண்டும். அதுதான் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. உதாரணத்துக்கு, இரண்டு பாடங்களிலும் பிள்ளைக்கு 75 என்று வையுங்கள். முதல் பாடத்தில் சராசரி 35, விலகல் 20; இசட் புள்ளி 2. மற்றப் பாடத்தில் சராசரி 55, விலகல் 16. இசட் புள்ளி 1.25. அதே 75, அதே ஏ. ஆனால் ஒன்று பிள்ளையைத் தூக்கிவிட்டது, மற்றது அவ்வளவு தூக்கவில்லை.

2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இதுதான் நடைமுறை. கடினமான வினாத்தாளையும் இலகுவான வினாத்தாளையும் ஒரே தராசில் நிறுத்த இது நல்ல வழி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதிகாரிகள் இதைத் "திறமையின் அளவு" என்று சொல்லும்போது ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூட்டத்திலிருந்து பிள்ளை எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். பௌதிகவியலை எடுங்கள். மருத்துவக் கனவோடு படிக்கும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும், மொறட்டுவைப் பொறியியலைக் குறிவைக்கும் கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் ஒரே கூட்டம். உயிரியலில் அப்படியல்ல. கெட்டிக்காரர் நிறைந்த பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளையின் இசட் புள்ளி இறங்கும். அது பிள்ளையின் குற்றமல்ல.

இனி அந்த ஆசிரியரின் கோபம். அதற்குக் காரணம் இருக்கிறது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 400க்கு 250 வேண்டியிருந்தது. சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. 1973இல் வந்த தரப்படுத்தல் ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, இரண்டின் புள்ளிகளையும் ஒரு பொது அளவுக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மாவட்ட ஒதுக்கீடு. அந்தக் காயம் பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கணித முறையைப் பார்த்தால் இன்றைய இசட் புள்ளி அன்றைய தரப்படுத்தலுக்கு உறவுதான். வேறுபாடு கூட்டத்தில் இருக்கிறது. இன்று தமிழ், சிங்கள, ஆங்கில மொழிமூலம் மூன்றும் ஒரு பாடத்தில் ஒரே சராசரிக்குள் அடங்குகின்றன. ஆசிரியர் ஐயா, அந்த ஒன்றுதான் நமக்கிருக்கும் பாதுகாப்பு. அதே சூத்திரத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தை மட்டும் மொழியால் பிரித்தால், மறுநாளே 1973 திரும்பி வந்துவிடும்.

இது வெறும் அச்சமல்ல. கூட்டத்தைப் பிழையாக எடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாடு ஒரு தடவை பார்த்துவிட்டது. 2011இல் பழைய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியும் பரீட்சை எழுதின. வினாத்தாள்கள் வேறு, எழுதியவர்கள் வேறு. அப்படியிருந்தும் இரண்டையும் சேர்த்துக் கணித்து இசட் புள்ளி வெளியிட்டார்கள். கணக்குச் சரி என்றே அதிகாரிகள் நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இரண்டு தொகுதிக்கும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. மாணவர் போய் முறையிட்டிராவிட்டால் அந்தப் பிழையே "திறமை" என்று பதிவாகியிருக்கும்.

மாவட்ட ஒதுக்கீட்டிலும் கூட்டம்தான் கேள்வி. அங்கே பங்கு பரீட்சை எழுதியோர் தொகையைப் பார்த்து வருவதில்லை. மாவட்டத்தில் வாழும் சனத்தொகையைப் பார்த்து வருகிறது. 2012 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். நாட்டில் 2 கோடியே 3 இலட்சம். மாவட்ட அடிப்படையிலான நூறு இடங்களில் யாழ்ப்பாணத்துக்கு மூன்றுகூட முழுதாக வராது. போரால் வெளியேறியவர்களின் வெற்றிடம், அதன் பிறகு பிறந்த பிள்ளையின் வெட்டுப்புள்ளியில் வந்து நிற்கிறது. இதை எந்தக் கைநூலும் விளக்குவதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பிறந்த மாவட்டமா, படித்த மாவட்டமா? பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டு படித்த பாடசாலையின் மாவட்டமே முதலில் பார்க்கப்படும்.

இசட் புள்ளி மைனஸில் வந்தால் சித்தியில்லையா? சித்தி வேறு, மைனஸ் என்றால் சராசரிக்குக் கீழே என்பது மட்டுமே.

இரண்டு தடவை எழுதிய பெறுபேறுகளைக் கலக்கலாமா? முடியாது, மூன்று பாடமும் ஒரே தடவையில் எழுதியிருக்க வேண்டும்.

பொதுச் சாதாரணப் பரீட்சை? குறைந்தது 30 வேண்டும். இசட் புள்ளியில் சேராது.

கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுவதா, விரும்பியதையா? விரும்பியதையே எழுதுங்கள், மேலே உள்ள தெரிவு கிடைத்தால் மட்டும்தான் கீழே உள்ளவை பார்க்கப்படாமல் போகும்.