உள்ளங்கை சொல்லும் சாட்சி

கோலார் தங்கவயல்காரர்களுக்கு வியர்வையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே 2001இல் மூடப்பட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் மேலே வந்தவர் சட்டையைப் பிழிந்துதான் காயப்போட வேண்டியிருந்தது.

ஆனால் உள்ளே பாறை வெடித்த அதிர்ச்சியில் வீடு குலுங்க, விடிகாலைக் குளிரில் சுரங்க ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிவந்து நின்ற மனைவியின் உள்ளங்கையும் ஈரமாகத்தான் இருந்திருக்கும். அது வேறு வியர்வை.

உடம்பின் மற்ற இடங்கள் பெரும்பாலும் சூட்டைத் தணிக்க வியர்க்கின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் மனசுக்கு வேலை செய்பவை. பயமோ, பாசமோ, வெட்கமோ வந்தால் பரிவு நரம்புகள் அங்குள்ள சுரப்பிகளைத் தட்டிவிடும். இரண்டு விரல்களில் மின்முனை ஒட்டி, உறைக்காத அளவு மின்னழுத்தம் கொடுத்தால் போதும். ஈரம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். தெரிந்த முகத்தைக் காட்டிய சில விநாடிகளில் திரையில் கோடு ஏறும்.

இந்தக் கோட்டை வைத்து ஒரு விந்தையான முடிச்சை அவிழ்த்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். விபத்தில் மூளை அடிபட்ட ஒருவர், எதிரே நிற்கும் தாயை, தாய் போலவே வேஷம் போட்ட யாரோ என்றார். அதே தாய் ஃபோனில் பேசினால் சந்தேகமே வரவில்லை. ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டீனும் அவரைச் சோதித்து 1997இல் எழுதினார்கள்: பெற்றோரின் படத்துக்கும் முன்பின் அறியாதவர் படத்துக்கும் கோட்டில் வித்தியாசமே இல்லை. முகத்தை அறியும் பகுதியிலிருந்து உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிக்குப் போகும் பாதை அறுந்திருக்கிறது, குரலின் பாதை தப்பிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். பெற்றவளை அடையாளம் காணக் கண் மட்டும் போதவில்லை, பாருங்கள்.

கோடு ஏறினால் மனசில் ஏதோ தைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஷாஃப்ட் வாசலில் புருஷன் நடந்து வந்தாலும் ஏறும், தூக்கி வந்தாலும் ஏறும். அதனால்தான் மகிழ்ச்சியா துயரமா என்று பிரித்தறியப் புருவத்தைச் சுளிக்கும் தசையிலும், சிரிக்கும்போது கன்னத்தை இழுக்கும் தசையிலும் மின்முனை வைக்கிறார்கள். வெளியே தெரியாத சிரிப்பும் அதில் பதிவாகும்.

பொய் கண்டறியும் கருவி நம்பியிருப்பவற்றில் இந்த வியர்வையும் ஒன்று. குற்றமே செய்யாதவனுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் கை வியர்க்காதா? செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் யாருக்கும் இந்தச் சோதனையையோ மூளை அலைச் சோதனையையோ செய்யக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.