பாலைநிலக் கண்காணிப்பும் கள உதவியாளரும்

பாலைநிலச் சூழலியல் கண்காணிப்பு என்பது ஒரே நிலத்தை ஒரே முறையில் ஆண்டுக்கணக்காக அளந்து, அங்குள்ள மண்ணும் செடியும் விலங்கும் எப்படி மாறிவருகின்றன என்று அறியும் வேலை. கேள்வியை வகுப்பவரும் முடிவை எழுதுபவரும் ஆய்வாளர். விடியுமுன் எழுந்து பொறிகளைப் பார்ப்பவர், செடிகளை எண்ணுபவர், மழைமானியை வாசிப்பவர், கண்டதைக் கண்ட இடத்திலேயே எழுதிவைப்பவர் கள உதவியாளர். ஆய்வாளர்கள் மாறுவார்கள், நிதி வரும், நிற்கும். ஆயினும் நாற்பது ஐம்பது ஆண்டுத் தரவு ஒன்று நம்பத்தக்கதாக நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் கள உதவியாளர்கள் காத்த ஒழுங்குதான்.

ஒருமுறை பார்த்தால் போதாத நிலம்

ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பொதுவாகப் பாலைநிலம் என்பர். அந்தச் சிறிதளவு மழையும் ஒழுங்காக வருவதில்லை. ஓராண்டு பொய்க்கும், மற்றோராண்டு இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கும். மழைக்காக மண்ணுக்குள் காத்திருக்கும் விதைகள் சில நாட்களில் முளைத்து, சில வாரங்களில் பூத்து, விதையை உதிர்த்துவிட்டு மடிகின்றன. விதை பெருகினால் எலிகளும் எறும்புகளும் பெருகும். அவற்றைத் தொடர்ந்து பாம்பும் ஆந்தையும் நரியும் பெருகும். அடுத்த வறட்சியில் எல்லாம் குறையும்.

ஆகவே வறண்ட ஆண்டில் வந்து பார்த்தவர் நிலம் அழிந்துவிட்டது என்பார். மழைக்குப் பின் வந்தவர் நிலம் செழிக்கிறது என்பார். இருவர் சொல்வதும் அந்த நாளுக்கு மட்டுமே பொருந்தும். இயல்பான ஏற்றத்தாழ்வு எது, மேய்ச்சலாலோ வெப்ப உயர்வாலோ வந்த நிலையான மாற்றம் எது என்று பிரித்தறியப் பல வறட்சிகளையும் பல மழைகளையும் கடந்த தொடர்ச்சியான அளவீடு வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசன் நகருக்கு அருகே டுமாமொக் குன்றில் 1903 இல் ஒரு பாலைநில ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. அங்கே வோல்னி ஸ்பால்டிங் என்ற தாவரவியலாளர் 1906 இல் குறித்துவைத்த நிலத்துண்டுகள் சில இன்றுவரை அளக்கப்பட்டு வருகின்றன. ஆபிரிக்காவின் நமீப் பாலைநிலத்தில் 1962 இல் சார்ள்ஸ் கொக் நிறுவிய கோபபெப் ஆய்வு நிலையம் வானிலையையும் மணல்வாழ் வண்டுகளையும் பல பத்தாண்டுகளாகப் பதிந்து வருகிறது. அங்கே மழை மிக அரிது. கடலிலிருந்து வரும் மூடுபனியே பல உயிர்களுக்கு நீர். மணல்மேட்டின் உச்சியில் தலையைத் தாழ்த்தி நின்று, முதுகில் படியும் பனிநீர் வாய்க்கு வழிந்துவரக் குடிக்கும் வண்டைப் பற்றி 1976 இல் உலகம் அறிந்ததும் அங்கே நடந்த கள அவதானிப்பால்தான்.

எலிகளை எண்ணியதால் தெரிந்தது

கள உதவியாளரின் உழைப்பு எதைத் தரும் என்பதற்குச் சிறந்த சான்று, அரிசோனாவின் போர்ட்டல் என்ற சிற்றூருக்கு அருகே 1977 இல் ஜேம்ஸ் பிறவுணும் அவரது சகாக்களும் தொடங்கிய ஆய்வு. 20 ஹெக்டேயர் நிலத்தில், 50 மீற்றர் பக்கமுள்ள 24 சதுரங்கள் வேலியடைக்கப்பட்டன. சில சதுரங்களின் வேலியில் எல்லா எலிகளும் வந்துபோகப் பெரிய துளைகள் உண்டு. வேறு சிலவற்றில் உருவில் பெரிய கங்காரு எலிகள் மட்டும் நுழைய முடியாதபடி சிறு துளைகள் வைக்கப்பட்டன.

மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டிய இரவுகளில், ஒவ்வொரு சதுரத்திலும் ஏழுக்கு ஏழு என்ற வரிசையில் 49 தகரப் பெட்டிப் பொறிகளைத் தானியம் போட்டு வைக்கிறார்கள். நிலவொளியில் எலிகள் வேட்டை விலங்குகளுக்கு அஞ்சி வெளியே வருவது குறையும் என்பதால் இருட்டு இரவுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. காலையில் பிடிபட்ட ஒவ்வொரு எலியின் இனம், பால், நிறை, பின்பாதத்தின் நீளம், இனப்பெருக்க நிலை ஆகியவை குறிக்கப்படுகின்றன. அடையாள எண் இல்லாத எலிக்குப் புதிய எண் இடப்பட்டு, பிடிபட்ட இடத்திலேயே அது விடப்படுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், கங்காரு எலிகள் விலக்கப்பட்ட சதுரங்களில் புற்செடிகள் பெருகி, புதர்நிலம் புல்வெளியாக மாறத் தொடங்கியிருந்தது. பெரிய விதைகளைத் தேர்ந்து உண்டும் மண்ணைக் கிளறியும் அந்த எலிகளே நிலத்தின் தோற்றத்தைத் தீர்மானித்து வந்தன என்று 1990 இல் வெளியான கட்டுரை காட்டியது. மூன்று ஆண்டில் ஆய்வை நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. மாதந்தோறும் மாறி மாறி வந்த பல உதவியாளர்கள் ஒரே முறையில் அளந்ததால்தான் தெரிந்தது.

அளக்கும் முறைகள்

செடிகளுக்குப் பெரும்பாலும் சதுரச் சட்டம் பயன்படுகிறது. நிலத்தில் நிரந்தரமாக அடித்த முளைகளுக்கு நடுவே சட்டத்தை வைத்து, அதற்குள் எந்த இனம் எத்தனை என்று எண்ணுவார்கள். முளை ஒரு முழம் நகர்ந்தாலும் அது வேறு நிலத்தின் கணக்காகிவிடும் என்பதால், முளைகளைத் தேடிக் கண்டு சரிபார்ப்பதே வேலையின் முதற்படி.

தரையில் ஊரும் வண்டு, தேள், பல்லி ஆகியவற்றுக்குக் குழிப்பொறி: வாய் தரைமட்டத்தில் இருக்குமாறு புதைத்த பாத்திரம். பெரிய விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் நேர்கோட்டுக் கணக்கெடுப்பு. குறித்த பாதையில் நடந்தோ மெதுவாக வாகனத்தில் சென்றோ, கண்ட விலங்கின் எண்ணிக்கை, அது இருந்த தூரம், கோணம் ஆகியவற்றைக் குறிப்பார்கள். தூரம் கூடக்கூடக் கண்ணுக்குத் தப்புபவை கூடும். அந்தக் குறைவைக் கணித முறையால் ஈடுசெய்து மொத்தத் தொகையை மதிப்பிடலாம். அதற்குத் தூரத்தை உத்தேசமாகச் சொல்லாமல் கருவியால் அளந்திருக்க வேண்டும். இரவு விலங்குகளுக்குத் தானியங்கிக் கமராக்களும், நிலத்தோற்றத்துக்கு ஒரே இடத்தில் ஒரே திசை நோக்கி ஆண்டுதோறும் எடுக்கும் ஒளிப்படங்களும் உதவுகின்றன.

தாரில் கானமயிலைத் தேடி

இந்தியாவின் தார் பாலைநிலத்தில் இந்த முறைகள் யாவும் பயன்படுகின்றன. ஜோத்பூரில் 1952 இல் பாலைநிலக் காடுவளர்ப்பு நிலையமாகத் தொடங்கியது, 1959 இல் மத்திய வறள்நில ஆய்வு நிறுவனமாக வளர்ந்து, மண், புல், மேய்ச்சல் பற்றிய நீண்டகால ஆய்வுகளை நடத்தி வருகிறது. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பாலைநில தேசியப் பூங்கா 1980 இல் அறிவிக்கப்பட்டது.

அங்கே மிகுந்த கவலையோடு கண்காணிக்கப்படும் உயிர் கானமயில். 2011 முதல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ள இந்தப் பறவை காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும். 15 கிலோ வரை நிறையுள்ள அதற்கு நேரெதிரே உள்ளதைப் பார்க்கும் திறன் குறைவு. பறக்கும்போது உயர்மின் கம்பிகளில் மோதி இறக்கிறது. இந்திய வனவிலங்கு நிறுவனமும் ராஜஸ்தான் வனத்துறையும் இணைந்து நடத்தும் கணக்கெடுப்பில் நிலம் 144 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் குழுக்கள் வாகனத்தில் மெதுவாகச் சென்று பறவைகளையும் சிங்காரா மான்களையும் நரிகளையும் பதிகின்றன. வழியில் நின்று புல்லின் உயரத்தையும் புதரின் அடர்த்தியையும் குறிக்கின்றன. முள்வால் பல்லியின் வளைகளை எண்ணுவதும் உதவியாளர் வேலை. எந்த வளையில் பல்லி இருக்கிறது, எது கைவிடப்பட்டது என்பதை வாயிலின் புதுத் தடத்தைக் கொண்டு அறிய வேண்டும்.

மின்கம்பிகளின் அடியில் நடந்து இறந்த பறவைகளைத் தேடி எண்ணுவது மனம் கனக்கும் பணி. ஆனால் மின்கம்பிதான் முதன்மை ஆபத்து என்று அரசிடமும் நீதிமன்றத்திலும் எடுத்துரைக்க முடிந்தது அத்தகைய எண்ணிக்கைகளால்தான். 2021 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கானமயில் வாழிடங்களில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்குமாறு உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எழுந்ததால் 2024 மார்ச்சில் அவ்வுத்தரவு மாற்றப்பட்டு, வழிவகை காண நிபுணர் குழு அமைக்கப்பட்டது.

ஒரு நாளின் ஒழுங்கு

பாலைநிலத்தில் வேலைநேரத்தை வெயில் வகுக்கிறது. பொறிகளை வெயில் ஏறுமுன் பார்த்து முடிக்க வேண்டும். தாமதித்தால் தகரப் பெட்டிக்குள் இருக்கும் சிறு விலங்கு வெப்பத்தில் இறந்துவிடும். அளப்பதற்காகவே ஓர் உயிர் சாவது அறமுமன்று, ஆய்வுக்கும் கேடு. நண்பகல் நிழலில் தங்கி, குறிப்புகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றும் நேரம். மாலையில் மறுபடி பொறி வைக்கும் வேலை.

தாகம் எடுக்குமுன் நீர் குடிப்பது, தனியாகச் செல்லாதிருப்பது, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் முகாமில் சொல்லிவிட்டுப் போவது ஆகியவை மீறக்கூடாத விதிகள். சப்பாத்தை உதறிப் பார்த்தே போட வேண்டும், தேள் புகுந்திருக்கலாம். தாரில் சுருட்டை விரியன் மணலோடு மணலாகக் கிடக்கும். புதருக்குள் கையை விடுமுன் தடியால் தட்டிப் பார்ப்பார்கள். தலைச்சுற்றலும் குமட்டலும் வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அவற்றை மறைத்து வேலையைத் தொடர்பவர் தன்னையும் கூட்டாளியையும் ஆபத்தில் தள்ளுகிறார்.

குறிப்பேட்டின் நேர்மை

நேரம், இடம், வானிலை, அளந்தவர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத குறிப்பு பயன்படாது. மை வியர்வையில் கரையும் என்பதால் பென்சிலே நல்லது. பிழையாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுவார்கள்.

ஒன்றும் காணாத நாளில் சுழியம் என்று எழுதுவதே இப்பணியில் கடினமான ஒழுக்கம். வெற்றிடமாக விட்டால், தேடியும் கிடைக்கவில்லையா, அன்று யாரும் போகவேயில்லையா என்று பின்வருபவருக்குத் தெரியாது. ஓர் இனம் குறைந்துவருகிறது என்ற செய்தி பெரும்பாலும் சுழியங்களின் வரிசையாகத்தான் வருகிறது. அதேபோல், இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுத வேண்டும், ஊகத்தை எழுதக்கூடாது. புதிய உதவியாளர் பழையவரோடு சில நாள் சேர்ந்து எண்ணி, இருவர் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே தனியே அனுப்பப்படுவார். ஆள் மாறியதால் வந்த வேறுபாட்டை நிலம் மாறியதாக எண்ணிவிடாமல் இருக்க இதுவே வழி.

உள்ளூர் மக்களின் கண்

இந்த வேலைக்குப் பட்டப்படிப்பு உதவும். ஆனால் நிலத்தோடு பழகிய கண்ணுக்கு ஈடில்லை. 1990களில் தென்னாபிரிக்கரான லூயிஸ் லீபன்பேர்க், கலகாரிப் பாலைநிலத்தின் சான் தடவேட்டைக்காரர்களின் அறிவைப் பதிவதற்காக, எழுத்துக்குப் பதில் படக்குறிகளால் இயங்கும் 'சைபர்ட்ரக்கர்' மென்பொருளை உருவாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதில் இட்ட பதிவுகள் ஆய்வுத் தரவாக ஏற்கப்பட்டன. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிவிர்க்குராவில் பழங்குடிக் காவலர்கள் மணலில் பதிந்த அடிகளைப் பார்த்துப் பில்பி என்ற அருகிவரும் விலங்கைக் கண்காணிக்கிறார்கள்.

பெரியகல்லாற்று மணலில்

இலங்கையில் பாலைநிலம் இல்லை. ஆனால் மழையால் முற்றாக உருமாறும் மணல்நிலம் கிழக்குக் கரையில் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் அமைந்த பெரியகல்லாறு அத்தகைய இடம். சுமார் 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி கடலோடு சேரும் இடங்கள் இரண்டு: ஒன்று பாலமீன்மடுவில், மற்றது தெற்கே கல்லாற்றுப் பகுதியில். கச்சான் காற்று வீசும் கோடையில் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடும். மாரி வெள்ளம் ஏறும்போது அந்த மணல்தடை தானே உடையும், அல்லது ஊருக்குள் வெள்ளம் புகாதபடி வெட்டிவிடப்படும். வாய் திறந்ததும் உப்புநீர் ஏறும், மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உள்ளே வரும்.

பாலைநிலத்தில் போலவே இங்கும் ஒருநாள் பார்வை ஏமாற்றும். முகத்துவாரம் திறந்த நாளும் மூடிய நாளும், அன்றாட மழை, குறித்த இடங்களில் நீரின் உப்பளவு, கரை மணலைப் பிடித்திருக்கும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பரவியுள்ள பரப்பு, கண்டல் மரங்களின் சுற்றளவு ஆகியவற்றை ஒரே முறையில் ஆண்டுதோறும் எழுதிவந்தால், மீன்வளம் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று பேச ஆதாரம் கிடைக்கும். சாதாரண மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளப்பர். மிண்டுவேர் விடும் கண்டலை மேல்வேருக்கு மேலே அளப்பர் என்பது போன்ற விதிகளைச் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, தன்னார்வலர்களாலேயே இத்தகைய பணி தொடர முடியும் என்பதைக் காட்டுகிறது.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தது. அத்தகைய அழிவில் எவ்வளவு மணல்மேடும் எவ்வளவு கண்டலும் போயின, எது மீண்டது என்று சொல்ல, அழிவுக்கு முன்னர் எடுத்த அளவு கையில் இருக்க வேண்டும். அந்த அளவைப் பின்னர் யாராலும் எடுக்க முடியாது. வாவியில் நாளும் வலை வீசும் மீனவர், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக மாணவர், கரையோரப் பாடசாலை ஆசிரியர் ஆகியோரில் எவரும் பயிற்சி பெற்றால் சிறந்த கள உதவியாளராகலாம். அவர்களுக்கு முறையான ஊதியமும், அவர்கள் சேர்த்த தரவின்மீது அவர்கள் பெயரும், முடிவுகளை ஊருக்குத் தமிழில் விளக்கும் ஏற்பாடும் இருந்தால், வாவியைப் பற்றிய தீர்மானங்கள் வாவியோடு வாழ்பவர்கள் எடுத்த அளவுகளின்மேல் நிற்கும்.