பனலைத் திறக்கிறவரின் உயிரும் உயிர்தான்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். பல நாட்களுக்குக் குரங்குதான் பேச்சு. அந்த நிமிடத்தில் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஜெனரேட்டர் அறைப் பக்கம் ஓடிய மனிதர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

வைத்தியசாலையில் மின்சாரம் போனால் பத்து விநாடிக்குள் ஜெனரேட்டர் சுமையை ஏற்க வேண்டும் என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அது தானாக நடப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பத்து விநாடிக்குப் பின்னால் ஒரு தானியங்கி மாற்றுச் சுவிட்ச், சில ரிலேக்கள், கொன்டாக்டர்கள், சரியாகச் சார்ஜ் ஏறிய ஒரு பற்றரி, இவை எல்லாவற்றையும் மாதாமாதம் திறந்து பார்த்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஜெனரேட்டர் மட்டுமல்ல அவர் பொறுப்பு. கருவிகளைத் தொற்றுநீக்கும் ஓட்டோகிளேவ், சத்திரசிகிச்சைக் கூடத்தின் குளிரூட்டல், ஒட்சிசன் குழாயின் அழுத்த எச்சரிக்கை, சளி இழுக்கும் வெற்றிடப் பம்பி, லிஃப்ட், நீரிறைக்கும் மோட்டார் எல்லாமே ஏதோவொரு கட்டுப்பாட்டுப் பனலுக்குள்தான் முடிகின்றன.

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுதாவளையில் வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்க் கன்றுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மின்னியல் படித்து, என்.வி.கியூ. சான்றிதழோடு வேலை தேடுகிறார்கள். அடுத்த ஊர் களுவாஞ்சிகுடியில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. கடலோரத்து எழுவான்கரைச் சனம் மட்டுமல்ல, வாவிக்கு அப்பால் படுவான்கரைச் சனமும் நம்பியிருக்கும் இடம் அது. வடக்கே போனால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. கடல் தாண்டினால் கட்டார், சவூதி. இந்த வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளையை அனுப்புகிற பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வைத்தியசாலை மெக்கானிக்குக்கு மற்ற மெக்கானிக்குகளுக்கு இல்லாத ஒரு நெருக்குதல் உண்டு. ஆலையில் இயந்திரம் நின்றால் முதலாளிக்கு நட்டம். இங்கே, "கெதியாப் பாருங்க தம்பி, உள்ளுக்கு ஆள் கிடக்கு" என்று ஒரு தாதி கதவடியில் நின்று சொல்வார். அவர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் காதில் விழுந்ததும் மனிதன் தன் கையுறையை மறக்கிறான், மெயினை இறக்க மறக்கிறான், மின் ஓடும் கம்பியிலேயே கை வைக்கிறான். நோயாளியின் உயிருக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பது தியாகம் என்று நாம் பாராட்டவும் செய்கிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மெக்கானிக் பனலடியில் விழுந்து கிடந்தால் அந்தப் பனலைச் சரிசெய்ய வேறு ஆள் இல்லை. உள்ளே கிடக்கும் நோயாளிக்கும் அதனால் நன்மை இல்லை.

மெயினை இறக்கினாலும் வைத்தியசாலைப் பனல் செத்துவிடாது. இதை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். மின்சார சபையின் இணைப்பை நிறுத்தியதும், மின்தடை என்று நினைத்து ஜெனரேட்டர் தானாக உயிர்பெற்று அதே பஸ்பாருக்கு மின்னை அனுப்பும். யூ.பி.எஸ். பின்னால் இருந்தால் அதன் வெளியீடு பற்றரியின் பலத்தில் தொடர்ந்து 230 வோல்ற்றில் நிற்கும். 400 வோல்ற் மூன்று கட்ட இணைப்பில் ஓடும் மோட்டார் டிரைவின் உள்ளே ஏறத்தாழ 560 வோல்ற் நேரோட்டம் கொள்ளளவிகளில் தேங்கியிருக்கும். ஆழியை நிறுத்திப் பல நிமிடங்கள் போன பிறகே அது இறங்கும். ஆகவே ஐசொலேட்டரை இறக்கி, அதற்கு உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, திறப்பை உங்கள் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். ஜெனரேட்டரைக் கைமுறை நிறுத்த நிலைக்கு மாற்றுங்கள். பிறகு டெஸ்டரை மின் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி முதல் இடத்தில் பாருங்கள். பழுதான டெஸ்டரும் 'மின் இல்லை' என்றுதான் காட்டும்.

'நிறுத்தியாயிற்று' என்ற வாய்ச்சொல்லை நம்பி உயிர் போன கதை மும்பையில் உண்டு. 2018 ஜனவரியில் நாயர் மருத்துவமனையில், நோயாளியைப் பார்க்க வந்த 32 வயது இளைஞர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். இயந்திரம் ஓடவில்லை என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் கூறினர். எம்.ஆர்.ஐ. காந்தம் இரவு பகல் ஓய்வதில்லை. சிலிண்டரையும் அவரையும் அது சேர்த்து இழுத்தது, அவர் இறந்துபோனார். ஸ்பானரும் ஸ்குரூ டிரைவருமாக அலைகிற மெக்கானிக்குக்கு இது வேறொருவர் கதை அல்ல.

பராமரிப்பு தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மதுரை இருக்கிறது. 2019 மே 7 ஆம் திகதி மாலை மழையோடு மின்சாரம் போனபோது, அரசு இராசாசி மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நோயாளிகள் உயிரிழந்தார்கள். மாற்று மின்சாரம் கிடைக்காமல் செயற்கைச் சுவாசக் கருவி நின்றதே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள், நிர்வாகம் மறுத்தது. இப்படியான நாளில் எல்லாக் கண்களும் பனலடியில் நிற்பவர் மேல்தான் திரும்பும். அதனால்தான் பதிவுப் புத்தகம் உங்கள் கவசம் என்கிறேன். எந்தத் திகதி ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிப் பார்த்தீர்கள், எந்தப் பற்றரி பலவீனம் என்று யாருக்குச் சொன்னீர்கள், பதில் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சுக்கு விசாரணை மேசையில் விலை இல்லை.

ஓட்டோகிளேவ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 134 பாகை செல்சியசில் அதன் உள்ளே நீராவி அழுத்தம் வெளிக்காற்றைவிட 2 பார் அளவுக்கு மேல் இருக்கும். 60 சென்ரிமீற்றர் சதுரக் கதவொன்றின் மேல் அது செலுத்தும் விசை 7 தொன்னுக்கும் அதிகம். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கதவைத் திறக்கவிடாமல் தடுப்பது ஒரு சிறிய இன்டர்லொக் சுவிட்ச். அது பழுதானால் இயந்திரம் ஓடாது. சத்திரசிகிச்சைக்குக் கருவி வராது. 'இப்போதைக்கு ஒரு வயரால டிரெக்ட் பண்ணி விடுங்க' என்று யாராவது சொல்வார். செய்யாதீர்கள். அழுத்தச் சுவிட்சையும் பாதுகாப்பு வால்வையும்கூட அப்படி முடக்காதீர்கள். ஒட்சிசன் குழாயிலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய், கிறீஸ் பட்ட கையோடு தொடுவதும் அதே வகை ஆபத்து; அழுத்தம் மிகுந்த ஒட்சிசனில் எண்ணெய் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். உடையில் ஒட்சிசன் ஏறியிருந்தால் வெளிக்காற்றில் கால் மணி நேரமாவது நின்ற பிறகே நெருப்புப் பக்கம் போகலாம்.

எங்கள் கரைக்கே உரிய தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று செப்பு முனைகளைப் பச்சையாக்கி அரிக்கிறது. மாரியில் ஈரம் பனலுக்குள் ஏறுகிறது. பல்லியும் எறும்பும் கொன்டாக்டருக்குள் போய்க் கருகுகின்றன. கொழும்பில் வகுத்த பராமரிப்பு அட்டவணை இங்கே போதாது. மாரி தொடங்குமுன் பனல்களை ஒருமுறை முழுமையாகத் திறந்து துப்புரவு செய்ய நேரமும் ஆளும் கேட்பது மெக்கானிக்கின் நியாயமான கோரிக்கை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தொற்று. வெற்றிடப் பம்பியின் வடிகட்டியில் நோயாளியின் சளி இருக்கிறது. சலவை இயந்திரத்தின் அடியிலும் அடைத்த வடிகாலிலும் ஊசி இருக்கிறது. தாதிக்கும் வைத்தியருக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி நினைவுக்கு வருகிறது; கருவிப்பெட்டியோடு வருகிறவரை நினைப்பது அரிது. 3 தவணை ஊசி அது. வேலை தொடங்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சவர்க்காரமும் ஓடும் நீரும் போட்டுக் கழுவி, உடனே வைத்தியரிடம் காட்டிப் பதியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் சில மணி நேரத்துக்குள், பிந்தினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் எடுக்க வேண்டும். வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அந்த நேரம் போய்விடும்.

இனி உரிமை. இலங்கையின் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெயரே சொல்வதுபோல் அது தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வைத்தியசாலை முழுவதையும் அது தழுவவில்லை. தாதியின் ஆபத்தும் மின்னியலாளரின் ஆபத்தும் ஒருசேரச் சுமக்கிற மனிதர் இரண்டு பட்டியலிலும் சரியாக இடம்பெறாமல் நிற்கிறார். இது திருத்தப்பட வேண்டிய குறை. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. உறுப்பு நாடான இலங்கைக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

விபத்து நேர்ந்தால் கைகொடுப்பது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022 இல் அது திருத்தப்பட்டு, உச்ச நட்டஈடு 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இப்போது சேரும். நள்ளிரவில் அழைப்பு வந்து களுதாவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறவருக்கு இது பெரிய மாற்றம். கோரிக்கையை விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் வைக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: காயம்பட்டவர் மதுபோதையில் இருந்தார், அல்லது பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார் என்று காட்டி முதலாளி தப்ப இடம் உண்டு. இன்டர்லொக்கை 'டிரெக்ட்' பண்ணச் சொன்னவர் அன்று வாய் திறக்கமாட்டார். அப்படியொரு கட்டளை வந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள், வேலையும் பிழையாக நடக்காது.

நிரந்தர அரச ஊழியரென்றால் கடமையில் பட்ட காயத்துக்குத் தாபன விதிக்கோவையின்படி விபத்து விடுமுறை கேட்கலாம். கொந்தராத்துக் கம்பனியின் ஆளென்றால் நிலைமை வேறு, அங்கேதான் ஏமாற்று அதிகம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதமும் கட்ட வேண்டும். 'பயிலுநர்', 'நாட்சம்பளக்காரர்' என்ற பெயர்கள் இதிலிருந்து அவரை விடுவிக்காது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்தால் ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். நியமனக் கடிதம் இல்லையென்றாலும் வருகைப் பதிவு, வங்கிக் கணக்குக் கூற்று, வட்சப்பில் வந்த வேலைக் கட்டளை எல்லாம் சாட்சிதான்.

பலரும் கையில் எடுக்காத இன்னொரு கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்த வைத்தியசாலையின் கொதிகலன் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அறிக்கை எங்கே, ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கேட்டவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தால் ஊரவர் ஒருவர் கேட்கட்டும். படுத்துக் கிடக்கப்போவது அவருடைய தாயாகவும் இருக்கலாம்.

வெளிநாடு போகிறவர்கள் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள், பதிந்தால்தான் காப்புறுதி. விசாவில் 'கூலித் தொழிலாளி' என்றும் பேச்சில் 'டெக்னீசியன்' என்றும் இருந்தால் சம்பளமும் நட்டஈடும் விசாவின்படிதான் வரும். பணியகத்தின் தொலைபேசி 1989.

கூட வேலை செய்கிறவரை மின் பிடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மின்னை நிறுத்துங்கள்; மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். வைத்தியசாலைக்குள் என்றால் வார்டுக்குக் குரல் கொடுங்கள், வெளியே என்றால் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். எழுந்து நடக்கிறவரையும் ஈ.சி.ஜி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வைத்தியசாலை நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் பெரிதல்ல. பராமரிப்புப் பகுதியில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரையும், கொந்தராத்து ஆட்களையும் சேர்த்து, தடுப்பூசிப் பதிவில் எழுதுங்கள். ஆளுக்கொரு பூட்டும் திறப்பும் கொடுங்கள். 'முதலில் மெயினை இறக்குகிறேன்' என்று மெக்கானிக் சொன்னால், அந்த இரண்டு நிமிடம் கையால் காற்றூட்டி நோயாளியைத் தாங்குவதற்கு வார்டுக்குப் பயிற்சி கொடுங்கள்.

இந்த வேலைக்குப் போகும் தம்பிமாரே, தங்கைமாரே, நாளைக்கு வேலைக்குப் போனதும் கேளுங்கள்: என் பூட்டு எங்கே, என் தடுப்பூசி அட்டை எங்கே, என் சேமலாப நிதி இலக்கம் என்ன? பதில் கிடைக்காவிட்டால், கேட்ட திகதியைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.