சாக்லேட்டைக் காக்கும் சிறு பேட்டரி

சாக்லேட்டை உடைத்தால் 'டக்' என்று ஒலிக்கிறதே, ஏன்? கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையும். அவற்றுள் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும். அது பளபளக்கும், சுமார் 34 பாகை செல்சியஸில் உருகும், அதனால்தான் வாயில் கரைகிறது. அந்த வகை கிடைக்க, 45 பாகையில் உருக்கிய கறுப்புச் சாக்லேட்டை 27க்குக் குளிர்வித்து, மீண்டும் 31க்குச் சூடாக்குவார்கள். சூடு 34ஐத் தாண்டினால் நல்ல படிகங்களும் உருகிவிடும். ஆறிய சாக்லேட்டில் வெள்ளை படரும்.

தொழிற்சாலையில் இந்தச் சூட்டைக் கவனிப்பது பிஎல்சி என்னும் கட்டுப்பாட்டுக் கணினி. உணரி சொல்லும் வெப்பநிலைக்கேற்ப அது நீர் வால்வுகளைத் திறந்து மூடும். பல பழைய பிஎல்சிகளில் நிரலை, அதாவது கட்டளைத் தொகுப்பை, அழியாமல் காப்பது ஒரு சிறு பேட்டரிதான்! பேட்டரி தீர்ந்த நிலையில் மின்சாரம் நின்றால் நிரல் போய்விடும். நகல் இல்லையென்றால் உதிரிப்பாகம் கிடைத்தும் பயனில்லை.

ஆகவே முதல் வேலை புதுக் கணினி வாங்குவதல்ல; பழைய நிரலை நகலெடுத்து, ஒவ்வொரு கட்டளையும் எதற்கு என்று புரிந்துகொள்வது. அடுத்து, புதியதைப் பழையதன் அருகிலேயே வைத்து, அதே உணரிகளின் அளவுகளைக் கொடுப்பார்கள். வால்வுகளோடு மட்டும் இணைக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒப்பிடுவார்கள். (தேர்வில் இப்படிப் பக்கத்தில் பார்க்கக் கூடாது!) விடைகள் ஒத்துப்போன பிறகே, உற்பத்தி நிற்கும் விடுமுறை நாளில் வால்வுகளைப் புதியதோடு இணைப்பார்கள். பழையதை அப்போதும் வீசுவதில்லை. புதியது தடுமாறினால் மறுபடியும் அதுதான் கைகொடுக்கும்.